ஒரு சாண் உயரம்

எங்கள் ஊர் ஏரி கடைசியாகக் கோடி போனது எப்போது என்று கேட்டால், ஊரில் யாரும் வருஷக் கணக்குச் சொல்வதில்லை. "ரோடு வர்றதுக்கு முன்னாடி" என்றுதான் சொல்கிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் சின்ன ஊர். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போவதற்கென்று கட்டிய கலங்கலைத் தாண்டி வழிவதைத்தான் எங்கள் பக்கத்தில் கோடி போவது என்போம். நான் பள்ளியில் படித்த நாளில் ஐப்பசி கடைசியில், தவறினால் கார்த்திகையில், ஏரி கோடி போய்விடும். அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டோம். வழிகிற தண்ணீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் ஏறி வரும்; ஆளுக்கொரு துண்டையோ பழைய புடவையையோ விரித்துக்கொண்டு நிற்போம். கெளுத்தி முள் குத்தினால் ராத்திரி வரைக்கும் கை கடுக்கும். அதற்காக யாரும் விட்டதில்லை.

ஏரியின் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 86 ஏக்கர். சம்பா, நவரை என்று இரண்டு நெல் போகம் நிச்சயம். நல்ல வருஷமாக இருந்தால் சொர்ணவாரியும் எடுப்பார்கள். எங்கள் ஏரிக்கென்று ஆறு எதுவும் கிடையாது. மேலண்டை ஊர் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர், ஒன்றரைக் கிலோமீட்டர் வரத்துக் கால்வாயில் வந்துதான் எங்கள் ஏரி நிரம்பவேண்டும். எங்களுடையது வழிந்தால் கீழண்டை ஊருக்கு. வட மாவட்டங்களில் ஏரிகள் இப்படித்தான் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே காய்கிறது.

எங்கள் கண்ணி அறுந்தது ஒரு புறவழிச்சாலையால்.

சாலையைக் குறை சொல்லத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி, 108 வண்டி அந்தச் சாலையில்தான் வந்தது, அந்தச் சாலையில்தான் போனது. பழைய ஒற்றை ரோடாக இருந்திருந்தால் அவர் இன்று இல்லை. சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாலை போடுவதற்கு முன் என்ன பார்த்தார்கள், என்ன பார்க்காமல் விட்டார்கள் என்பதுதான் இத்தனை வருஷமாக என்னைக் குடைகிறது.

அந்தச் சாலை எங்கள் வரத்துக் கால்வாயைக் குறுக்கே வெட்டுகிறது. கால்வாயை மூடிவிட்டார்கள் என்று யாரும் சொல்லமுடியாது. சாலைக்கு அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்கள் போட்டுக் குழாய்ப் பாலம் கட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்: கால்வாய் இருக்கிறது, பாலம் இருக்கிறது, தண்ணீருக்கு வழி இருக்கிறது. நேரில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும், குழாயின் அடிமட்டம் கால்வாயின் தரையைவிட ஒரு சாண் மேலே நிற்கிறது.

ஒரு சாண் என்பது ஒன்பது அங்குலம். மலைப்பக்கத்தில் ஒன்பது அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. எங்கள் பக்கம் பூமி தாம்பாளம் மாதிரி. இங்கே தண்ணீர் ஒரு சாண் ஏறி நிற்கவேண்டுமென்றால், மேற்கே உள்ள கழனிகளில் பரவி நின்றுவிட்டுத்தான் ஏறும். அப்படித்தான் ஆனது. சாலைக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு ஏக்கரில் சம்பா நடவு அழுகியது. தேங்கிய தண்ணீர் குழாய்க்குள் ஏறுவதற்குள் சாலையோர வடிகாலில் இறங்கி, வேறு பக்கமாக ஓடைக்குப் போய்விட்டது. ஒரே சாலை மேற்கே வயலை மூழ்கடித்து, கிழக்கே ஏரியைக் காயவைத்தது. பேய்மழை பெய்கிற நாலைந்து நாள் மட்டும் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. விட்டுவிட்டுப் பெய்து மாசக் கணக்கில் ஊறி வருகிற தண்ணீர் வருவதே இல்லை.

பாலம் கட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. சிறுபாலங்களை எப்படி வடிவமைப்பது என்று, நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் தனி வழிகாட்டியே போட்டிருக்கிறது. ஆனால் பொறியாளர் முன்னால் வைக்கப்படுகிற கேள்வி, வெள்ளம் வந்தால் சாலை தாங்குமா என்பது. ஏரி நிரம்புமா என்பது அவரிடம் கேட்கப்படாத கேள்வி. நிலம் அளக்க வந்தவர்களும் பங்குனி வெயிலில்தான் வந்தார்கள். அந்த மாசத்தில் எங்கள் கால்வாயைப் பார்த்தால் சீமைக்கருவேல் முளைத்த பள்ளம், அவ்வளவுதான். அதே ஆளை ஐப்பசியில் ஒரு நாள் நடக்க வைத்திருந்தால், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தக் குழாய்க்கு மட்டம் வைத்திருப்பார்.

குடிதண்ணீர் விஷயம் மெதுவாகத்தான் தெரிய வந்தது. ஊராட்சிக் கிணறு ஏரிக்குள்ளேயே, கரையின் உள்பக்கம் இருந்தது. ஏரியில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும்; கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். ஏரி நிரம்பாத மூன்றாவது வருஷம் மாசியிலேயே கிணறு தரை தட்டியது. போர் போட்டார்கள். முதல் போர் இரண்டு கோடை தாங்கியது. அடுத்ததை இன்னும் ஆழமாகப் போட்டார்கள், தண்ணீர் வந்தது, ஆனால் அதில் பருப்பு வேகவில்லை. அம்மா குக்கரில் ஆறு விசில் விட்டும் துவரை கல் மாதிரி கிடந்த நாளை நான் மறக்கவில்லை. "தண்ணி மாறிப்போச்சுடா" என்றார். இப்போது சமையலுக்குக் கேன் தண்ணீர். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் வாரத்துக்கு இரண்டு கேன் என்றால் அது ஒரு செலவு.

சாலைக்காக எங்கள் ஊரில் நிலம் கொடுத்தவர்கள் நாலு குடும்பம். நாலு பேருக்கும் இழப்பீடு வந்தது, சிலருக்குக் குறைவு, சிலருக்குத் திருப்தி. ஆனால் ஏரிக்குக் கீழே பயிர் வைத்தவர்கள் எண்பது குடும்பத்துக்கு மேல். அவர்கள் யாரும் ஒரு சென்ட் நிலம்கூட இழக்கவில்லை. அதனால் எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயர் இல்லை. இழந்தது தண்ணீரை. அதற்குச் சர்வே எண் கிடையாது. ஒரு சாலைத் திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர் யார் என்கிற கணக்கே இந்த இடத்தில் பிழையாகிவிடுகிறது.

2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை அறிவிப்பு வந்தபோது எங்கள் மாவட்டமே கொதித்தது. மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ் சுமார் 277 கிலோமீட்டர், மதிப்பீடு 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்கள். அதில் மிக நீளமான பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில். 70 மீட்டர் அகலம் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கருக்கு மேல். மொத்த நீளத்துக்கும் பெருக்கினால் 1,900 ஹெக்டேரைத் தாண்டுகிறது. போலீஸ் காவலோடு வந்து கல் நட்டார்கள். கழனியில் விழுந்து அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

சென்னையிலிருந்து சேலம் போக அதற்கு முன்பே இரண்டு நெடுஞ்சாலைகள் இருந்தன: உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று, கிருஷ்ணகிரி வழியாக ஒன்று. பாரத்மாலாவின் முதல் பட்டியலில் இருந்தது சென்னை–மதுரை தடம். அது பின்னால் சென்னை–சேலம் என்று மாறியது. இருக்கிற சாலையை அகலப்படுத்தினால் என்ன ஆகும், புதிதாகக் கோடு கிழித்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் தண்ணீர்க் கணக்கோடு ஒப்பிட்டு ஊர் ஊராக வந்து யாரும் காட்டவில்லை. அன்றைக்கு எங்கள் பக்கம் டீக்கடையில் பேசியவர்கள் கேட்டது இழப்பீடு எவ்வளவு என்று மட்டுமில்லை. "கெணறு அந்தப் பக்கம், கழனி இந்தப் பக்கம் ஆயிடுச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டார்கள். வேலி போட்ட விரைவுச்சாலை இரண்டு ஏக்கரைக் குறுக்கே வெட்டினால், எடுத்தது முக்கால் ஏக்கர்தான் என்று கணக்கு எழுதலாம். மீதி ஒன்றேகால் ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்ச, மோட்டார் போட, மாடு ஓட்ட, சுரங்கப்பாதை இருக்கிற இடம் வரை சுற்றிப் போகவேண்டும். கிணற்றுக்கு விலை போடும்போது கல்லுக்கும் சிமெண்டுக்கும் வெட்டுக்கூலிக்கும் போடுவார்கள். ஊற்றுக்கு ஏது விலை?

அந்த வழி போகும் மாவட்டங்களில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஏற்கெனவே நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து அவதிப்பட்டவை. பல் கறுத்து, எலும்பு வளைந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் 1,928 கோடி ரூபாய்த் திட்டம் போட்டு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். 2013-இல் அது திறக்கப்பட்டது. மேலாக ஊறுகிற நல்ல தண்ணீரைக் கெடுத்துவிட்டு ஆழமாகத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

வழக்கு நடந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. அன்றைக்கு எங்கள் ஊரில்கூட வெடி வெடித்தார்கள், எங்களுக்கும் அந்தச் சாலைக்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை என்றாலும். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகள் செல்லும் என்றது. வருவாய்ப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றத்தை ரத்து செய்ததை மட்டும் உறுதி செய்தது. நிலம் எடுக்கப்போகிறோம் என்று அறிவிக்கும் கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் எங்கள் குழாய்ப் பாலத்தைப் பார்த்தவன் என்ற முறையில் இந்த வரிசை எனக்கு ஒப்பவில்லை. கோட்டைப் போட்டு, சர்வே எண்களை அறிவித்து, ஜனங்களைக் கலங்கடித்த பிறகு செய்கிற ஆய்வு, அந்தக் கோட்டுக்குள்ளேயேதான் பரிகாரம் தேடும். கோட்டை நகர்த்து என்று சொல்லும் தைரியம் அதற்கு எப்படி வரும்?

சட்டத்தை எடுத்துப் படித்தபோது எனக்கு மிகவும் உறைத்த இடம் ஒன்று உண்டு. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, பாசன வசதியுள்ள பல போக நிலத்தை எடுக்கக்கூடாது, வேறு வழியே இல்லை என்றால் கடைசியாகத்தான் எடுக்கவேண்டும் என்கிறது. படித்ததும் மனசு நிறைந்தது. அதே பிரிவின் நாலாவது உட்பிரிவில் ரயில், நெடுஞ்சாலை, கால்வாய், மின்தடம் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. நெல் வயலைக் காப்பாற்ற எழுதிய பிரிவு, நெல் வயலை அதிகம் தின்னும் ஒரு வேலைக்கு முன்னால் ஒதுங்கி நிற்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடும் அப்படித்தான். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956-ஆம் வருஷச் சட்டத்தின்படி நிலம் எடுப்பதால், 2013 சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு 2015 முதல் அங்கேயும் வந்தது, மதிப்பீடு வரவில்லை. பணம் எவ்வளவு என்று கணக்குப் போட வழி இருக்கிறது. இந்த ஊருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்கத்தான் வழி இல்லை. ஆட்சேபம் சொல்ல 21 நாள். செய்தித்தாளில் பொடி எழுத்தில் வருகிற சர்வே எண்களில் தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கவே பாதிப் பேருக்கு அந்த நாள் போதாது. தன் எண் அந்தப் பட்டியலில் இல்லாத ஆயக்கட்டுக்காரர் எதைத் தேடுவார்?

இருக்கிற சாலையை அகலப்படுத்தும்போதும் இதே கதை. விழுப்புரம்–நாகப்பட்டினம் 45ஏ சாலை கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று காவிரிப் படுகையின் ஈர நிலங்களுக்குள் போகிறது. சுமார் 180 கிலோமீட்டர் நீளம், நாலு துண்டாகப் பிரித்து வேலை. கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலம் விதியில் சொன்ன அளவுக்குள் இருப்பதால் முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமதியைத் தவிர்க்கும் உத்தியாகத் திட்டத்தைத் துண்டு போடக்கூடாது என்றும் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அகலத்தை மீட்டரில் அளந்து அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். எத்தனை வாய்க்காலைத் தாண்டுகிறது என்பதை வைத்து ஏன் முடிவு செய்யக்கூடாது?

அப்புறம் மண். சாலையை உயர்த்த மண் எங்கிருந்தோ வரவேண்டும். நான்கு வழிச் சாலைக்கு மேலே 25 மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் சரிவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்கு 90,000 கன மீட்டரைத் தாண்டும். 10 கன மீட்டர் டிப்பரில் 9,000 நடைக்கு மேல். எங்கள் பக்கம் அந்த மண் ஏரியிலிருந்துதான் வருகிறது. ஏரியைச் சமமாகத் தூர் வாரினால் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் லாரி நிற்க வசதியான இடத்தில் கிணறு மாதிரி தோண்டிவிட்டுப் போனால், அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மதகு மட்டத்துக்குக் கீழே கிடக்கும். ஒரு சொட்டு கழனிக்கு வராது. குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆழம் தெரியாது. சாலை மாதிரியான திட்டங்களுக்கு மண் எடுக்க முன் அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விலக்குக் கொடுத்திருந்தது. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. அந்த ஒரு தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதையெல்லாம் சொன்னால், "தண்ணி போற வழியெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தா ரோடே போட முடியாது" என்பார்கள். மத்தியப் பிரதேசம்–மகாராஷ்டிர எல்லையில் பென்ச் காட்டுக்குள் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், விலங்குகள் கடப்பதற்காக ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதில் மிக நீளமானது 750 மீட்டர். புலிகள் அதன் கீழே நடந்து போகும் படங்கள் வந்தன, பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வழக்குப் போட்டு, நிபுணர்கள் அளந்து கொடுத்த பிறகு அது நடந்தது. கேரளத்தில் கீழாற்றூர் நெல்வயலுக்கு நடுவே புறவழிச்சாலை வந்தபோது வயல்கிளிகள் என்று பெயர் வைத்துக்கொண்டு போராடியவர்களும், வயலை நிரப்பாமல் வேறு வழி பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். மண்மேடு போடுவதைவிடத் தூண் மேல் கட்டுவது செலவு கூடுதல்தான். ஆனால் 86 ஏக்கரில் வருஷா வருஷம் போகிற ஒரு போகம், இரண்டு போர்வெல், வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர், இதையெல்லாம் எந்த மதிப்பீட்டுப் பத்தியில் எழுதியிருக்கிறார்கள்? அந்தச் செலவைச் சாலைக்காரர் தரவில்லை, எங்கள் ஊர் தந்துகொண்டிருக்கிறது.

எங்கள் விஷயத்துக்குத் தூண்கூட வேண்டியிருந்திருக்காது. குழாயை ஒரு சாண் இறக்கி, கால்வாய் அகலத்துக்குப் பெட்டிப் பாலமாகக் கட்டியிருந்தால் போதும். வரத்துக் கால்வாய்க்கு, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் தனிப் புல எண் உண்டு, புலப்படத்தில் கோடு உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீரைத் திறந்து கழனிகளுக்குப் பங்கிட்டுவிடும் எங்கள் நீர்க்கட்டித் தாத்தாவோடு ஒரு நாள் நடந்திருந்தால் போதும். எந்த மடையை எப்போது திறக்கவேண்டும், எந்த இடத்தில் தண்ணீர் தயங்கும், எங்கே கரை இளகும் என்று அவருக்கு மனப்பாடம். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வேலை அது. கூலி, களத்தில் அளக்கும் நெல். ஏரி நிரம்பாமல் போனதில் அந்த நெல்லும் நின்றது.

இப்போது அதே சாலைக்கு இணைப்புச் சாலை போட அளந்து கல் நட்டிருக்கிறார்கள். கல் மறுபடி எங்கள் கால்வாய் ஓரம்தான் நிற்கிறது. இந்தத் தடவை நாங்கள் சும்மா இருக்கவில்லை. பொங்கல் லீவில் நான், கொத்தனார் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன், தாத்தா, இன்னும் நாலு பேர் போனோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குழாயின் வாயிலும் மறுமுனையைக் கால்வாய்த் தரையில் நட்ட குச்சியிலும் பிடித்தோம். 23 சென்டிமீட்டர் வித்தியாசம். தாத்தா நம்பவில்லை. "இன்னொரு தரம் பாருப்பா, எளுதிக் குடுக்கப் போறோம், தப்பா இருக்கக்கூடாது" என்றார். இன்னொரு தரம் பார்த்தோம். அதே 23.

மேலண்டை ஏரிக் கலங்கல் தொடங்கி எங்கள் ஏரி வாய் வரை நடந்து, பதினோரு இடத்தில் மட்டம் எடுத்துக் குறித்தோம். புலப்படத்தின் நகலில் சிவப்புப் பேனாவால் கால்வாயை வரைந்து, குடிதண்ணீர்க் கிணற்றையும் இரண்டு போரையும் வட்டம் போட்டோம். ஆயக்கட்டுக்காரர்கள் பட்டியல் ஒன்று தயாரித்தோம், சர்வே எண்ணோடு, 83 பேர். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைத்தோம்: இணைப்புச் சாலை வேலையோடு சேர்த்துப் பழைய குழாய்ப் பாலத்தை எடுத்துவிட்டுக் கால்வாய்த் தரை மட்டத்துக்குப் பெட்டிப் பாலம் கட்டவேண்டும், கட்டும் முன் ஐப்பசி மழையில் அதிகாரிகள் ஒரு முறை எங்களோடு கால்வாயில் நடக்கவேண்டும். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது தாத்தா பேனாவை வாங்கிக்கொண்டு பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் பார்த்தார். தன் பெயர் இல்லை என்று நிமிர்ந்தார். அவருக்கு ஆயக்கட்டில் நிலம் கிடையாது, அதனால் எழுதாமல் விட்டிருந்தோம். அங்கேயே 84 என்று எண் போட்டு, சர்வே எண் இருக்கவேண்டிய இடத்தில் 'நீர்க்கட்டி' என்று எழுதினேன்.